மாத்திரை வாங்கப் போன நாளைக் கேளுங்கள்: மனநலச் சேவை பற்றி ஊர்க் கருத்தைத் திரட்டும் வழி

தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் உட்காரும் நாளில் வரிசையில் நிற்கும் ஓர் அம்மாவிடம் போய், "இங்க எல்லாம் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்குங்க சார்" என்றுதான் பதில் வரும். அடுத்த மாதமும் அதே ஜன்னலில் கை நீட்டி மாத்திரை வாங்க வேண்டியவர் வேறென்ன சொல்வார்? கிராம சபையில் கேட்டால் அந்தப் பதில்கூட வராது. பேச்சு எழுந்ததுமே அந்த வீட்டார் தலையைக் குனிந்துகொள்வார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் எழுந்தே போய்விடுவார்கள்.

அதே அம்மாவிடம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "போன தடவை மாத்திரை வாங்கப் போனீங்களேம்மா, காலையில எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார். எந்த பஸ், எவ்வளவு நேரம் நின்றார், அன்றைய கூலி எவ்வளவு போனது, எந்த மாத்திரை இல்லை என்று வெளியே வாங்கச் சொன்னார்கள் என்று எல்லாம் வரும். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே ஒரு மருத்துவச் சேவையின் முழுப் படமும் கிடைத்துவிடும். கீழே சொல்லியிருக்கும் முறை முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. ஊராட்சி உறுப்பினர், நூலக வாசகர் வட்டம், சமூகப்பணி படிக்கும் மாணவர், மகளிர் குழு என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டரை மாதம் ஆகும்.

இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு ஊராட்சி ஒன்றியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுவதையும் எடுத்தால் பதில் சொல்ல வேண்டிய அலுவலர் யார் என்பதே குழம்பிவிடும்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று திருச்சி. இன்று மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் முறை வைத்து வருகிறது. உங்கள் ஒன்றியத்துக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் யார் வருகிறார்கள், ஒரு தடவைக்கு எத்தனை நாள் மாத்திரை தருகிறார்கள், என்னென்ன மருந்து இருப்பில் இருக்கிறது என்ற ஐந்து விவரங்களும் கையில் இல்லாமல் மக்களிடம் போகாதீர்கள். வட்டார மருத்துவ அலுவலரிடம் நேரில் கேட்டாலே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மருந்து இருப்பைக் கேட்கும்போது "கடந்த 6 மாதத்தில் இருப்பே இல்லாத நாட்கள், மருந்து வாரியாக" என்று கேளுங்கள். "போதிய மருந்து உள்ளதா?" என்று கேட்டால் "உள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆம் பிரிவில் இரண்டு விஷயங்கள் உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும். சிகிச்சைக்காக நெடுந்தூரம் போக வேண்டிய நிலை யாருக்கும் இருக்கக் கூடாது, வசிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே சேவை கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய நல மையத்திலிருந்து மேல்நிலை அரசு மருத்துவமனை வரை எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. நீங்கள் திரட்டப்போகும் பஸ் கட்டணமும் மாத்திரைக் கணக்கும் இந்த இரண்டு வரிகளுக்கு எதிரே வைக்கத்தான்.

குழுவும் அனுமதியும்

ஆறு பேர் போதும். குறைந்தது மூவர் பெண்கள். ஒருவராவது தானே மருந்து எடுப்பவராகவோ வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவராகவோ இருக்க வேண்டும். அவரைப் பெயருக்குச் சேர்க்காமல் கேள்விகளை எழுதும் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு என்ன ஊதியமோ அதையே அவருக்கும் கொடுங்கள். "உங்கள் மகனுக்கு எப்போதிருந்து இந்த நோய்?" என்ற கேள்வி தாளில் இருந்தால் அதை முதலில் அடித்துவிடுபவர் அவராகத்தான் இருப்பார்.

வட்டார மருத்துவ அலுவலருக்கும் இணை இயக்குநர் (நலப்பணிகள்) அலுவலகத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் மூன்று வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும்: நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் கேட்கமாட்டோம், படம் எடுக்கமாட்டோம், கிடைத்ததை முதலில் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே சொல்வோம். இது மரியாதைக்காக மட்டும் எழுதுவதல்ல. சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. யாராவது நல்லெண்ணத்தில் பதிவேட்டை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

பட்டியல் இல்லாமல் ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கிராம சுகாதார செவிலியரிடம் சிறு சீட்டுகளாக ஒரு கட்டுக் கொடுத்துவிடுங்கள். சீட்டில் "மாத்திரை வாங்கப் போய்வருவதில் உள்ள சிரமங்களைப் பேசலாம்" என்ற ஒரு வரியும் உங்கள் குழுவின் செல்பேசி எண்ணும் மட்டும் இருக்கட்டும். மனநலம் என்ற சொல் சீட்டில் வேண்டாம், அது மேசையில் கிடந்தால் பக்கத்து வீட்டார் படிப்பார்கள். விருப்பமுள்ளவர் தானே கூப்பிடுவார். நூறு சீட்டுக்கு இருபது பேர் கூப்பிட்டால் நல்ல தொடக்கம்.

யாரைக் கேட்பது

நாற்பது பேரை நன்றாகக் கேட்பது நானூறு பேரிடம் படிவம் நிரப்புவதைவிட மேல். மருந்து எடுப்பவர்கள் 12, வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் 12, பாதியில் மருந்தை விட்டவர்கள் 6, குடிப்பழக்கத்தால் தவிக்கும் வீட்டுப் பெண்கள் 4, ஊழியர்கள் 6 என்று வைத்துக்கொள்ளலாம். ஊழியர் என்றால் மருந்தாளுநரையும் கிராம செவிலியரையும் விட்டுவிடாதீர்கள். மருந்து தட்டுப்பாடு எந்த மாதம் வரும், ஏன் வரும் என்று மருத்துவரைவிட மருந்தாளுநருக்குத்தான் தெரியும்.

பாதியில் விட்டவர்கள்தான் கிடைப்பதற்கு அரியவர்கள். சேவை எங்கே ஓட்டையாகிறது என்று காட்டுபவர்களும் அவர்களே. அவர்கள் வரிசையில் இருக்கமாட்டார்கள், சீட்டும் போய்ச் சேராது. நோய் தீரும் என்ற நம்பிக்கையில் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்த் தங்கித் திரும்பியிருக்கலாம், ஊருக்குள் குறி சொல்பவரிடமோ மந்திரிப்பவரிடமோ போய்க்கொண்டிருக்கலாம். அந்தக் குறி சொல்பவரையும் பாருங்கள். "உங்ககிட்ட வர்றவங்க மாத்திரையைப் பத்தி என்ன சொல்றாங்க?" என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றி 28 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே கொண்டுபோய் விட்டன, பக்கத்தில் அவர்களுக்கு வேறு என்ன இருந்தது என்று யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால் என்ற எண்ணம் இந்த வேலையில் எப்போதும் உடன் வரும்.

இடம், நேரம்

ஊராட்சி அலுவலகம் வேண்டாம், சாவடியும் வேண்டாம். கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள். ஊருக்கு ஒரு கூட்டம், காலனிக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியாக, அவரவர் இடத்திலேயே வையுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் அங்கன்வாடி காலியாக இருக்கும், அது நல்ல இடம். அறுவடை, நடவு நாட்களைத் தவிருங்கள்.

ஒரு கூட்டத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றேகால் மணி நேரம். மருந்து எடுப்பவரையும் அவர் வீட்டாரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் மகன் பேசமாட்டார், மகன் இருந்தால் அம்மா அழுவார், இரண்டு பேருமே சொல்ல வந்ததைச் சொல்லாமல் போவார்கள். மகளிர் குழுத் தலைவி யாராவது மைக் பிடித்ததுபோல் பேச ஆரம்பித்தால், "அக்கா, நீங்க சொன்னதை நான் எழுதிக்கிட்டேன், இவங்களையும் கேட்டுட்டு வர்றேன்" என்று மெல்ல மாற்றுங்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் பஸ் கட்டணமும் அரை நாள் கூலியும் உறையில் வைத்து, கூட்டம் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். முடிவில் கொடுத்தால் பணத்துக்காக நல்லபடி பேசியாக வேண்டும் என்று நினைப்பார்கள். நாற்பது பேருக்குத் தலா 300 ரூபாய் என்றால் 12,000. டீ, போக்குவரத்து, அச்சு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

ஒப்புதலை வாய்மொழியாகவே வாங்குங்கள். காகிதத்தில் கைநாட்டு கேட்டால் பத்திரம் என்று பயப்படுவார்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நாங்க அரசாங்க ஆளுங்க இல்ல. பேர் எழுத மாட்டோம், போட்டோ எடுக்க மாட்டோம். உங்களுக்கு வர்ற மாத்திரைக்கோ பணத்துக்கோ இதனால ஒண்ணும் ஆகாது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். எப்ப வேணும்னாலும் எழுந்து போலாம்." மகனுக்காக அப்பா ஒப்புக்கொண்டால் போதாது, பேசப்போகிறவரே தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும்.

கேள்விகள்

ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடச் சொல்லும் படிவங்களைக் கொண்டுபோகாதீர்கள். எல்லோரும் ஐந்து போடுவார்கள், பள்ளிக்கூடத்தில் மார்க் குறைத்தால் யாருக்கோ கெடுதல் என்று பழகிய மனசு. ஒரு பெரிய வெள்ளைத் தாளில் காலை முதல் இரவு வரை ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போங்கள்.

மாத்திரை வாங்கப் போன கடைசி நாள் எது? எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், யார் கூட வந்தார்கள்? எத்தனை பஸ் மாறினீர்கள், எவ்வளவு செலவு? ஓ.பி. சீட்டு வாங்கியதிலிருந்து டாக்டர் கூப்பிடும் வரை எவ்வளவு நேரம்? டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினாரா, சீட்டை மட்டும் பார்த்தாரா? எந்த மாத்திரை இல்லை என்றார்கள், அப்போது என்ன செய்தீர்கள்? அன்றைக்கு யாருடைய கூலி போனது?

பஸ் கட்டணக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் மகனுக்கும் இல்லை. "எனக்கு ஃப்ரீ, பையனுக்குத்தான் டிக்கெட்" என்று அம்மா சொன்னால் அந்தப் பையனுக்கு அட்டை எடுக்கவில்லை என்று பொருள். இப்படி எட்டில் ஆறு பேர் சொன்னால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம் இந்த மக்களை எட்டவே இல்லை என்று தெரிந்துவிடும். மினி பஸ் மட்டும் போகும் ஊரென்றால் கணக்கே வேறு, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைக் கவரைக் காட்டச் சொல்லுங்கள், விருப்பமிருந்தால் மட்டும். காட்டினால் நிறையத் தெரியும். சிறு காகிதக் கவரில் பேனாவால் 1-0-1 என்று எழுதியிருக்கும். உள்ளே அட்டையைக் கத்தரித்துப் பத்துப் பத்தாகப் போட்டிருப்பார்கள், கத்தரித்ததில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மற்ற துண்டோடு போயிருக்கும். மூன்று வகை மாத்திரை ஒரே கவரில் கலந்து கிடக்கும். எழுத்துத் தெரியாத பாட்டி நிறத்தை வைத்துத்தான் பிரித்துக் கொடுப்பார்: "வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி." அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து மஞ்சள் வெள்ளையாகிவிட்டால், தப்பான மருந்து என்று நினைத்து நிறுத்திவிடுவார். பாதியில் விட்டவர்கள் சிலரின் காரணம் இவ்வளவு சின்னதாக இருக்கும். கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை, மருந்தாளுநர் நாளைக்கே செய்யலாம்.

மருந்தின் பெயர் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். லித்தியம் எடுப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். குளோசபின் எடுப்பவருக்கு வெள்ளணு எண்ணிக்கை, தொடக்கத்தில் அடிக்கடி. "இரத்தம் எங்க எடுக்குறாங்க?" என்ற ஒரு கேள்வி, பரிசோதனை பக்கத்தில் இருக்கிறதா, அறுபது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறதா என்று காட்டிவிடும். மருந்தை நிறுத்தலாமா, மாற்றலாமா என்று உங்களிடம் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். ஊரில் மனநல மருத்துவரை நரம்பு டாக்டர் என்பார்கள், எல்லா மாத்திரையையும் தூக்க மாத்திரை என்பார்கள். திருத்தாதீர்கள், அவர்கள் சொல்லிலேயே பேசுங்கள், எழுதுங்கள். "சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, இது மட்டும் ஏன் வரல?" என்று கேட்டால் அதை அப்படியே எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வாசலில் மாத்திரை வாங்கிப் பழகிய மக்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது.

ஆபத்து தெரிந்தால்

பேச்சுக்கு நடுவே யாராவது "இருந்து என்ன புண்ணியம்" என்றால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். தனியே அழைத்துப்போய், "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அவர் சம்மதத்தோடும் வீட்டார் உதவியோடும் அப்புறப்படுத்துங்கள். 14416 மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 108. போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் பல வீடுகள் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது என்பதை வீட்டாருக்குப் புரியும்படி சொல்லுங்கள். குழுவில் ஒருவர் இதற்கென்றே கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்குக் குறிப்பெடுக்கும் வேலை கொடுக்கக் கூடாது.

ஒரு வீட்டில் ஒருவரைச் சங்கிலியில் கட்டியிருப்பதைப் பார்க்க நேரலாம். சங்கிலியில் கட்டுவதை அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. செல்பேசியை எடுக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். வீட்டில் வேறு ஆள் இல்லாமல் வேலைக்குப் போகிற தாய் மகன் ரயில் பாதைக்குப் போய்விடுவானோ என்று கட்டியிருப்பார். அன்றைக்கே மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்குச் சொல்லி மருத்துவரை வீட்டுக்கு வரவழைக்கப் பாருங்கள். அடி உதை, பட்டினி என்று கொடுமை தெரிந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும். நடுவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவது நிலைய அதிகாரியின் கடமை.

தொகுப்பது

கூட்டம் முடிந்த அன்றிரவே குறிப்பை விரித்து எழுதுங்கள். இரண்டு நாள் போனால் யார் என்ன சொன்னார்கள் என்பது கலந்துவிடும். ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை. எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, யாரால் சரிசெய்ய முடியும் என்று பாருங்கள்: மருந்து ஜன்னலிலேயே முடிவது, வட்டார மருத்துவ அலுவலர் செய்ய வேண்டியது, மாவட்டத்துக்குப் போவது, சென்னைக்குப் போவது. 15 நாளுக்குப் பதில் 30 நாள் மாத்திரை தரலாமா என்பது ஒரு இடம். புதிதாக ஒரு மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலில் சேர்ப்பது வேறு இடம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் சுலபமானதும் சேர்ந்து கிடப்பில் போகும்.

சதவீதம் போடாதீர்கள். "12 பேரில் 7 பேர் கடைசித் தடவை ஒரு மருந்தாவது வெளியே வாங்கினார்கள்" என்று எழுதுங்கள். நாற்பது பேரை வைத்து ஒன்றியத்துக்கே கணக்குச் சொன்னால் முதல் கேள்வியிலேயே அறிக்கை விழுந்துவிடும். ஊர்ப் பெயர், வயது, தொழில் மூன்றும் ஒரே வரியில் வரக் கூடாது. சின்ன ஊரில் அந்த மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும்.

நான்கு பக்க வரைவைப் பேசியவர்களிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். "இது நான் சொன்னது இல்ல" என்று ஒருவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். பிறகு வட்டார மருத்துவ அலுவலர், அதன் பிறகுதான் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் இருக்கிறது. பொருள் நிரலில் சேர்க்க ஊராட்சிச் செயலரிடம் பத்து நாள் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். சபையில் யாருடைய கதையையும் சொல்ல வேண்டாம். தீர்மானம் இப்படி இருந்தால் போதும்: "மனநல மருத்துவர் வரும் நாளில் நம் ஊரிலிருந்து முதல் பஸ் சென்று சேரும் நேரம் காலை 10.40 என்பதால், ஓ.பி. சீட்டு வழங்குவதை 12 மணி வரை நீட்டிக்க வட்டார மருத்துவ அலுவலரை இச்சபை கேட்டுக்கொள்கிறது." நேரம், செயல், பொறுப்பாளர் மூன்றும் அதில் இருக்கிறது. "மனநலச் சேவையை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அது எந்த மேசையிலும் நிற்காது.

தீர்மான நகல் வாங்கிக்கொண்டு, அடுத்த மூன்றாவது மாதம் எந்தத் தேதியில் யார் போய்ப் பார்ப்பது என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். நடந்தது, நடக்காதது இரண்டையும் ஒரு பக்கத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பேசியவர்கள் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். நடக்காததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். போகும்போது, முதல் தடவை "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று சொல்லி அனுப்பியவர்களின் வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.